பழைய காலக் கட்டடக் கலைஞர்கள் ஏன் மரத்தில் மாதிரி செய்தார்கள்?

மர மாதிரி என்பது, கட்டப்போகும் கட்டடத்தின் அளவுகளை ஒரே விகிதத்தில் சுருக்கித் தச்சர்கள் செய்து தரும் சிறு வடிவம். பட்டுத் துணியை வெட்டும் முன் தையல்காரர் மலிவுத் துணியில் தைத்துப் பார்ப்பாரே, அதைப் போலத்தான். கல்லை அடுக்கிய பிறகு திருத்துவது பெரும்பாடு. மரத்தில் ஒரு தூணை மாற்றுவது சுலபம்.

வரைபடம் புரியாத கொத்தனாருக்கும், பணம் கொடுக்கும் போப்புக்கும் மாதிரி உடனே புரியும். ஆனால் அதைவிட முக்கியமான காரணம் காலம் என்றே சொல்வேன். ரோமில் உள்ள புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்துக்கு மைக்கேலாஞ்சலோ 1558 முதல் 1561 வரை ஒரு பெரிய மர மாதிரி செய்ய வைத்தார். 1564இல் அவர் இறந்துவிட்டார். குவிமாடம் எழுந்து முடிந்ததோ 1590இல். இடைப்பட்ட 26 ஆண்டுகளும், அவர் மனதில் இருந்த வடிவத்தை வேலையைத் தொடர்ந்தவர்கள் கண்ணால் பார்க்க முடிந்தது. எவ்வளவு பெரிய விஷயம் அது!

சரி, மாதிரியில் உள்ளபடியே கட்டடமும் எழுந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: லண்டன் புனித பவுல் பேராலயத்துக்காக ஆங்கிலக் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் 1673–74இல் செய்வித்த, 6 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள மாதிரி நிராகரிக்கப்பட்டது, இன்று அங்கே நிற்பது வேறு வடிவம்.