டெங்குவில் கவுண்ட் 42,000 என்றால் பிளேட்லெட் ஏற்றியே ஆக வேண்டுமா?

அப்பாவுக்கு டெங்கு, பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு) கவுண்ட் 42,000, எங்கும் ரத்தக்கசிவு இல்லை, டாக்டர் ஏற்ற வேண்டாம் என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பலாம்.

போன மழைக்கு எங்கள் அண்ணனுக்கும் வந்தது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. மழையில் வெட்டு நின்றபோது கவிழ்த்து வைக்காத சிரட்டை எல்லாவற்றிலும் தண்ணீர், எட்டிப் பார்த்தால் கூத்தாடிப் புழு நெளியும். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டு, எழுந்து உட்கார்ந்து கஞ்சியும் பயறும் கேட்டார், எங்களுக்கும் உயிர் வந்தது, பார்த்தால் அன்றைக்குத்தான் கவுண்ட் 28,000. மைனி அழ ஆரம்பித்துவிட்டார். நர்ஸ் பி.பி. பட்டையைக் கழற்றினால் முழங்கைக்குக் கீழே கடுகைவிடச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், அழுத்தினாலும் மறையவில்லை. ரத்தம் கொடுக்க நாகர்கோவிலில் இருந்து நாலு பேரை வரச்சொல்லிவிட்டோம்.

டாக்டரோ ரிப்போர்ட்டில் பி.சி.வி.யைத்தான், அதாவது ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்பதைத்தான், ரொம்ப நேரம் பார்த்தார். காய்ச்சல் இறங்கும் அந்த ரெண்டு நாளில்தான் ரத்தக்குழாயில் இருந்து நீர் கசியும், ரத்தம் கெட்டியாகி பி.சி.வி. ஏறும், டெங்குவில் பெரும்பாலும் ஆளைச் சாய்ப்பது அதுதான். ரத்தக்கசிவு இல்லாதவருக்குப் பொதுவாகக் கவுண்ட் 10,000-க்குக் கீழே போனால்தான் ஏற்றுவதை யோசிப்பார்கள், ஏற்றினாலும் நோயின் வேகத்தில் அதுவும் அழிந்துவிடும் என்றார். வந்த நாலு பேரும் டீ குடித்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து மூன்றாம் நாள் கவுண்ட் தானாகவே 65,000.

பப்பாளி இலைச் சாறு? கவுண்டைக் கொஞ்சம் ஏற்றுவதாகச் சில சின்ன ஆய்வுகள் உண்டு, ஆனால் உயிரைக் காப்பாற்றும் என்று நிரூபணமாகவில்லை. மைனி கொடுத்த சாற்றை அண்ணன் அப்படியே வாந்தி எடுத்தார், அது சாற்றால் வந்ததா நோய் முற்றியதா என்று டாக்டர் குழம்பியதுதான் மிச்சம். அதற்குப் பதில் கருக்கோ (இளநீர்) கஞ்சித்தண்ணியோ கொடுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், புரூஃபென் மாதிரி வலி மாத்திரை வேண்டாம். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் என்றால் இன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

விடாத வயிற்றுவலி, வாந்தி, ஈறில் ரத்தம், கறுத்த மலம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, கை கால் சில்லிடுவது, இதில் ஒன்று இருந்தாலும் கவுண்ட் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள், ராத்திரி ரெண்டு மணியானாலும் சரி.