கம்போஸ்ட் குவியலுக்கும் மாடித் தோட்டத்துக்கும் எந்த தெர்மாமீட்டர் வாங்குறது?

கேள்வி: வணக்கம் சார். நாங்க கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல இருக்கோம். மாடியில கருப்பு க்ரோ பேக்ல கத்தரி, தக்காளி, மிளகாய், கீரைன்னு வச்சிருக்கோம். வீட்டுக்குப் பின்னாடி மூணு பக்கம் செங்கல் அடுக்கி அதுல சவுக்குச் சருகு, சமையல் கழிவு, கொஞ்சம் மாட்டு சாணி போட்டு கம்போஸ்ட் பண்றோம். மாசக்கணக்கா ஆகியும் சருகு அப்படியே கிடக்கு. உள்ள சூடு ஏறுதான்னு பாருங்கன்னு சொல்றாங்க. ஆன்லைன்ல தேடினா சாயில் தெர்மாமீட்டர்னு ஆயிரம் வருது, 3 இன் 1, 4 இன் 1னு வேற போட்டிருக்கான். எதை வாங்கலாம், ரெண்டுக்கும் ஒண்ணே போதுமா? அப்புறமா மண்புழுவும் விடலாம்னு ஒரு ஐடியா இருக்கு.

பதில்: வணக்கம் சிஸ்டர். விலையையும் ஸ்டாரையும் பார்க்குறதுக்கு முன்னாடி குச்சி எவ்வளவு நீளம்னு பாருங்க, பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துடும். உங்க குப்பைக்கு 50 செ.மீ, அதாவது 20 இன்ச் ஸ்டீல் குச்சி வச்ச டயல் தெர்மாமீட்டர், 0ல இருந்து 100 டிகிரி வரைக்கும் காட்டுறது. அது ஒண்ணு. மாடிக்கு அதையே தூக்கிட்டு போய் க்ரோ பேக்ல குத்தினா தலை கனத்துல சாஞ்சு பையையே கிழிக்கும், அதனால அங்க மீன் தொட்டிக்கு விக்குறாங்களே, ஒயர் நுனியில சின்ன சென்சாரும் மேல எல்சிடி டிஸ்ப்ளேவும் இருக்கும், அது போதும், சல்லிசான விலைதான். ஒண்ணுதான் வாங்குவேன்னா நீளமானதையே வாங்குங்க, மாடி மண்ணோட சூட்டை கை விரலை விட்டுக்கூட ஓரளவு சொல்லிடலாம், குவியலோட நடு வயித்துல என்ன நடக்குதுன்னு கையால சொல்ல முடியாது.

நீளத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, குப்பைக் குவியல்ல சூடு நடுவுலதான் இருக்கும், வெளி ஓரம் ஒரு சாண் அளவுக்கு காத்து பட்டு ஆறிப்போயே இருக்கும், சமையலறை சைஸ்ல 5 இன்ச் குச்சி வச்சத குத்தினா அந்த ஆறிப்போன தோலைத்தான் அளந்துட்டு "சூடே இல்ல, கம்போஸ்ட் ஃபெயில்"னு முடிவு கட்டிடுவீங்க, உள்ள 60 டிகிரி கொதிச்சிட்டு இருக்கும். 36 இன்ச் குச்சியும் வருது, அது பண்ணையில ஆள் உயரத்துக்கு அடுக்குறவங்களுக்கு, நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பாலை பிரஸ்மட்டை, அதாவது கரும்புச் சாறு வடிகட்டின கசடை, லோடு லோடா இறக்கி மக்க வைக்குறவங்களுக்கு சரி. வீட்டுக்கு வேண்டாம்.

இந்த டயல் டைப்புக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா தப்பா யூஸ் பண்ண மாட்டீங்க. ரெண்டு விதமான உலோகத்தை ஒட்டி சுருளா சுத்தி குச்சியோட அடி நுனியில வச்சிருப்பாங்க, சூட்டுல ஒண்ணு அதிகமா விரியும் ஒண்ணு கம்மியா விரியும், அதனால சுருள் முறுக்கிக்கும், அந்த முறுக்கு ஒரு மெல்லிய கம்பி வழியா மேல இருக்க முள்ளைத் திருப்பும். அந்த சுருள் அடியில ரெண்டு மூணு இன்ச் நீளத்துக்கு இருக்குங்கறதால அது காட்டுறது ஒரு புள்ளியோட சூடு இல்ல, அந்த ரெண்டு மூணு இன்ச்சோட சராசரி. குவியலுக்கு இது பிரச்சனையே இல்ல. ஆனா விதை போடுற ஆழத்துல, ஒரு இன்ச்சுல என்ன சூடுன்னு இதால கரெக்ட்டா சொல்ல முடியாது, மாடிக்கு ஒயர் சென்சார் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

டயலைப் பிடிச்சு அமுக்கி மட்டும் உள்ள தள்ளாதீங்க. நிறைய பேர் இப்படித்தான் முதல் நாளே முள்ளை ஸ்டக் ஆக்குறாங்க. வீடு கட்டினப்ப மிஞ்சின முறுக்கு கம்பி ஒரு துண்டு எங்கயாவது கிடக்கும் பாருங்க, அதை முதல்ல குவியல்ல சரிவா குத்தி ஓட்டை போட்டுட்டு, அந்த ஓட்டையில குச்சியை மெதுவா விடுங்க, முள் ஏறி ஏறி ஒரு இடத்துல நிக்கும், நின்ன அப்புறமும் ஒரு நிமிஷம் பொறுத்து படிங்க. ஒரே இடத்துல பார்த்து முடிவு பண்ணாம நடுவுல, ரெண்டு ஓரத்துல, அடியிலன்னு நாலு இடம் பாருங்க. குச்சி 5, 6 மில்லிமீட்டர் தடிமன் இருந்தா நல்லது, 3 மில்லி குச்சி சவுக்குக் குச்சியில இடிச்சாலே வளைஞ்சிடும்.

வாங்கும்போது இன்னொண்ணு, டயல் போட்டோவை பெருசு பண்ணி பாருங்க. அமெரிக்காக்காரனுக்கு செஞ்சது பல இடத்துல விக்குது, ஃபாரன்ஹீட் மட்டும்தான் இருக்கும், 140ல முள் நின்னா பயந்துடுவீங்க, அது நம்ம 60 டிகிரி தான். செல்சியஸ் இருக்கறதா பாருங்க. கண்ணாடிக்குள்ள காத்து போகாத மாதிரி சீல் பண்ணினதா இருக்கணும், இல்லன்னா நம்ம ஊர் ஈரத்துக்கு டயல் உள்பக்கம் பனி பிடிச்சு நம்பரே தெரியாது.

எதை வாங்கக் கூடாதுன்னா முதல்ல அந்த 3 இன் 1. பேட்டரி இல்லாம ஓடுற ரெண்டு கால் மீட்டர் அது. ரெண்டு கால்லயும் வேற வேற உலோகம், ஈர மண்ணுல குத்தினதும் லேசா ஒரு கரண்ட் வரும், அதைத்தான் ஈரம்னும் பிஎச்னும் (மண்ணோட புளிப்பு, காரத் தன்மை) மாத்தி மாத்தி காட்டுது. பாதி மாடல்ல டெம்பரேச்சரே கிடையாது, ஈரம், பிஎச், வெளிச்சம் அவ்வளவுதான், ஆனா சாயில் தெர்மாமீட்டர்னு தேடினா முதல்ல வந்து நிக்கும். நம்ம பக்கம் இதுல இன்னொரு வம்பு இருக்கு, கடலோர மண்ணுலயும் போர் தண்ணியிலயும் உப்பு இருக்குறதால கரண்ட் நல்லா பாயும், மண் காஞ்சு கிடந்தாலும் ஈரமா இருக்குன்னு காட்டும், அதை நம்பி தண்ணி ஊத்தாம விட்டு செடியைக் கொன்னவங்க உண்டு. பிஎச் வேணும்னா மண்ணை எடுத்துட்டு போய் மண் பரிசோதனை நிலையத்துல குடுங்க, விருத்தாசலத்துலயும் புதுச்சேரி குரும்பாபேட்லயும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, அங்க கேட்டா வழி சொல்லுவாங்க.

அப்புறம் கொரோனா நேரத்துல வாங்கின நெத்தி துப்பாக்கி வீட்டுக்கு வீடு கிடக்கு, அதை வச்சு பார்க்கலாமான்னு கேப்பாங்க. அது மனுஷ உடம்பு சூட்டுக்கு மட்டும், அதைத் தாண்டினா பெரும்பாலும் நம்பரே வராது. பெரிய ரேஞ்ச் இருக்குற இன்ஃப்ராரெட் கன்னா இருந்தாலும் மேல்பரப்பைத்தான் படிக்கும். காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டரும் 42 டிகிரியோட நின்னுடும். பாதரசம் இருக்குற கண்ணாடிக் குழாயை தோட்டத்துப் பக்கமே கொண்டு வராதீங்க, உடைஞ்சா அந்த உரத்தைக் கீரைக்குப் போட முடியாது. ஃபோன்ல ஆப் வச்சு பாக்குற வயர்லெஸ் சென்சாரெல்லாம் ஆசை இருந்தா வாங்கிக்கங்க, அவசியம் இல்ல.

சரி, நம்பர் வந்தாச்சு, அதை எப்படி படிக்கறது. குவியல் கட்டின ரெண்டு மூணு நாள்ல நடுவுல 45 தாண்டணும், நல்லா வேலை செஞ்சா 55ல இருந்து 65 வரைக்கும் போகும். அந்த நேரத்துல கிளறினா இட்லி பானை மூடியைத் திறந்த மாதிரி ஆவி அடிக்கும், மார்கழி விடியக்காலையில பக்கத்து வீட்டுக்காரங்க தீப்பிடிச்சிருச்சுன்னு ஓடி வந்தா அது ஆவிதான்னு சொல்லிடுங்க. 65 தாண்டி 70ஐ நெருங்கினா மக்க வைக்குற நுண்ணுயிரே சாக ஆரம்பிக்கும், உடனே கிளறி காத்து விடுங்க, காஞ்சிருந்தா தண்ணி தெளிங்க. மேல ஏறிட்டு மறுபடி 45க்கு கீழ இறங்கினா அப்பவும் கிளறணும், கிளறினா திரும்ப ஏறும், இப்படி ஏறி இறங்கி கடைசியில கிளறினாலும் ஈரம் சரியா இருந்தும் ஏறாம நின்னா சூட்டு கட்டம் முடிஞ்சதுன்னு அர்த்தம், அப்படியே மூடி ஆற விடுங்க.

55 டிகிரிங்கற நம்பர் எல்லா இடத்துலயும் அடிபடும். அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சி 1993ல கழிவுநீர் சேறுக்குப் போட்ட விதியில இருக்கு அது, மூடின கலன்ல 55ல 3 நாள், திறந்தவெளி நீளக் குவியல்ல 15 நாள், அதுக்குள்ள 5 தடவை புரட்டணும், கிருமி சாகறதுக்காக. வீட்டுக் காய்கறித் தோலுக்கு அவ்வளவு கறார் வேண்டாம், ஆனா பச்சை சாணியும் விதை வச்ச களையும் போடுறீங்கன்னா 55ஐ தொட்டு சில நாள் நிக்கறது நல்லது, ஓரத்துல இருக்கறது நடுவுக்கு வர மாதிரி புரட்டினா எல்லாத்துக்கும் அந்த சூடு படும். கோரைக் கிழங்கை மட்டும் சூட்டை நம்பி உள்ள போடாதீங்க, வெயில்ல காய வச்சு எரிச்சிடுங்க.

நம்ம ஊர்ல ஒரு சிக்கல், வெளிநாட்டு புக்குல "குவியல் 25 டிகிரிக்கு வந்தா ரெடி"ன்னு எழுதியிருப்பான், கடலூர்ல மே மாசம் நிழல்ல கிடக்குற மண்ணே 30க்கு மேல இருக்கும், எங்க போய் 25க்கு இறங்குறது. அதனால ஒரு பழைய பக்கெட்ல சாதா மண்ணைப் போட்டு குவியல் பக்கத்துலயே நிழல்ல வைங்க, ரெண்டையும் அளங்க, வித்தியாசத்தைப் பாருங்க. குவியல் 38, பக்கெட் 34னா அங்க பெருசா ஒண்ணும் நடக்கல. குவியல் 52, பக்கெட் 34னா நல்லா வேலை நடக்குது.

உங்க கேஸ்ல நான் பந்தயம் கட்டுறேன், குவியலும் பக்கெட்டும் ஏறக்குறைய ஒண்ணாதான் காட்டும். காரணம் சவுக்குச் சருகு. அதுல கார்பன் ரொம்ப ஜாஸ்தி, நைட்ரஜன் கம்மி, மேல தண்ணி ஒட்டாம வழிஞ்சு ஓடும், மேல நனைஞ்ச மாதிரி தெரியும், ஒரு அடி உள்ள தோண்டினா பொடி மாதிரி காஞ்சு கிடக்கும். பண்ருட்டி பக்கம் முந்திரிச் சருகு போடுறவங்களுக்கும் இதே கதைதான். மொத்தத்தையும் வெளிய இழுத்துப் போட்டு, சருகை ராத்திரி முழுக்க சாணிக் கரைசல்ல ஊற வச்சு, பச்சை இலை, காய்கறிக் கழிவு, கிடைச்சா கடலைப் புண்ணாக்குக் கரைசல் கொஞ்சம் சேர்த்து திரும்ப அடுக்குங்க. கையில எடுத்து இறுக்கிப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வரணும், ஒழுகக் கூடாது. முக்கியமா அளவு, நீளம் அகலம் உயரம் மூணும் 3 அடியாவது இல்லன்னா உண்டாகுற சூடு நிக்காம வெளிய போயிடும். கம்பான்னு விக்குற அடுக்கு மண் பானையில கம்போஸ்ட் போடுறவங்களுக்கு 55 வராததுக்கும் அதான் காரணம், அவங்க தெர்மாமீட்டர் வாங்கியே பிரயோஜனம் இல்ல, மக்கும், மெதுவா மக்கும், அவ்வளவுதான்.

மண்புழு விடணும்னு சொன்னீங்களே, உண்மையில தெர்மாமீட்டர் போட்ட காசை எடுக்குறது அங்கதான். புழுவுக்கு 25ல இருந்து 30 வரைக்கும் சுகம், 35 தாண்டினா சாகும் இல்ல ஓடிப்போகும். பாதி மக்கின குப்பை மேல தொட்டா ஆறின மாதிரி இருக்கும், உள்ள 42 இருக்கும், அதுல கொண்டு போய் புழுவைக் கொட்டினா மறுநாள் தொட்டி விளிம்புல ஏறி வரிசையா செத்துக் கிடக்கும். பச்சை சாணியும் சூடு கிளப்பும், ரெண்டு வாரமாவது ஆற விட்டு, கிளறினாலும் சூடு ஏறலன்னு பார்த்துட்டு, அப்புறம் விடுங்க. கத்திரி வெயில்ல தொட்டி மேல ஈரச் சாக்கு, மேல கீத்து கொட்டகை கட்டாயம்.

இப்ப மாடி. சாயில் தெர்மாமீட்டர் பத்தி நெட்ல இருக்குறதெல்லாம் குளிர் நாட்டுக்காரன் எழுதினது, "மண் 15 டிகிரி ஏறுற வரைக்கும் தக்காளி நடாதே"ன்னு இருக்கும். நமக்கு அந்தக் கவலையே கிடையாது, தை மாசத்துலயும் மண் அதுக்கு மேலதான். நாம பார்க்க வேண்டியது எவ்வளவு ஏறுதுன்னு. வானிலை ஆய்வுக்காரங்க மண் சூட்டை 5, 10, 20 செ.மீ ஆழத்துல காலை 7 மணி, மதியம் 2 மணின்னு ரெண்டு வேளை எடுப்பாங்க, நீங்களும் அதே மாதிரி 5லயும் 10லயும் எடுத்தா போதும். முக்கியமா கருப்பு பையோட மேற்குப் பக்கத்து ஓரத்துல சென்சாரை வச்சு ஒருநாள் சாயங்காலம் 3, 4 மணிக்கு பாருங்க, நடுவுல இருக்கறதை விட எவ்வளவு ஜாஸ்தின்னு அதிர்ச்சியா இருக்கும், 40 தாண்டினா அந்தப் பக்கத்து வேரெல்லாம் வெந்துடும், நீங்க தண்ணி ஊத்தி ஊத்தி செடி வாடுதேன்னு நினைச்சுட்டு இருப்பீங்க. பையை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வைங்க, மேற்குப் பக்கம் வெள்ளைச் சாக்கோ தென்னை மட்டையோ சாத்துங்க, மேல ரெண்டு இன்ச் சருகு மூடாக்கு போடுங்க. உங்ககிட்ட இருக்குற சவுக்குச் சருகுக்கு மூடாக்குதான் நல்ல வேலை, அதுல சீக்கிரம் மக்காததே நமக்கு லாபம்.

விதைக்கும் இதேதான். கொத்தமல்லி, பாலக், கேரட், லெட்யூஸ் இதெல்லாம் மண் 30 தாண்டினா முளைப்பு குறையும், லெட்யூஸ் சூட்டுல தூங்கியே போயிடும். வெண்டை 35லயும் ஜோரா முளைக்கும். மே மாசம் கொத்தமல்லி முளைக்கலன்னு விதைக் கடைக்காரரைத் திட்டறதுக்கு முன்னாடி சென்சாரை ஒரு இன்ச் ஆழத்துல வச்சு பாருங்க. ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் போட்டா தானா வரும்.

வாங்கி வந்ததும் செக் பண்ணுங்க. ஐஸை நல்லா நொறுக்கி ஒரு உயரமான டம்ளர் நிறைய போட்டு கொஞ்சமா தண்ணி ஊத்தி, குச்சி நுனி அடியையும் ஓரத்தையும் தொடாம மூணு இன்ச்சுக்கு மேல முங்குற மாதிரி பிடிச்சு ரெண்டு மூணு நிமிஷம் வைங்க, 0 காட்டணும். கொதிக்குற தண்ணியில 100 காட்டணும், நாம கடல் மட்டத்துலயே இருக்கோம், ஊட்டிக்காரங்க மாதிரி கழிச்சு கணக்கு போட வேண்டாம். தப்பா காட்டினா டயலுக்குப் பின்னாடி ஒரு ஆறுமுக நட் இருக்கும், ஸ்பேனரால லேசா திருப்பினா சரியாகும். நட் இல்லாத மாடலா இருந்தா "2 டிகிரி அதிகமா காட்டும்"னு டேப்புல எழுதி ஒட்டிடுங்க, ஒண்ணு ரெண்டு டிகிரி வித்தியாசத்துல குப்பை ஒண்ணும் கெட்டுப்போகாது.

குவியல்லயே குத்தி விட்டுட்டு போயிடாதீங்க. சாணியில இருக்குற உப்பும் கடல் காத்தும் சேர்ந்தா ஸ்டெயின்லெஸ்லயும் புள்ளி புள்ளியா அரிக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில டயலுக்குள்ள தண்ணி இறங்கும். அளந்ததும் உருவி, நல்ல தண்ணியில கழுவி, துணியால தொடைச்சு, ஆணியில தொங்க விடுங்க. அந்த எல்சிடி டிஸ்ப்ளே தண்ணிக்கு தாங்காது, ஒயர் நுனி மட்டும்தான் நனையலாம், டிஸ்ப்ளேவை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு ரப்பர் பேண்ட் மாட்டிடுங்க, பட்டன் செல் ரெண்டு எக்ஸ்ட்ரா வாங்கி வச்சுக்கங்க.