அக்காவுக்கு வேர் குட்டையானால் எனக்கும் ஆகுமா? பல் கம்பியும் மரபணுவும்: கேள்வி பதில்

கேள்வி: கம்பி போட்டு முடித்தபோது அக்காவின் முன்பல் வேர்கள் குட்டையாகியிருந்தன. எனக்கும் கம்பி போடச் சொல்கிறார்கள். அதே கதிதானா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் இதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவர் கேட்காவிட்டாலும். 1997-இல் உடன்பிறந்தவர்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, மேல் முன்பல் போன்ற சில பற்களில் இந்தப் பாதிப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் சுமார் 70 விழுக்காடு மரபுவழி வருவதாகக் கணக்கிட்டது. இதைப் படித்துவிட்டு ‘எனக்கு 70 விழுக்காடு ஆபத்து’ என்று பயப்படுகிறவர்கள் நிறைய. அது உங்கள் தனிப்பட்ட ஆபத்தின் அளவே இல்லை, ஒரு கூட்டத்துக்குள் தெரியும் வேறுபாட்டின் கணக்கு.

கேள்வி: எந்த மரபணு? என்னதான் செய்கிறது?

பதில்: ஒன்று இல்லை, பல. அதிகம் பேசப்பட்டது இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதத்தை உருவாக்கும் மரபணு. கம்பி பல்லைத் தள்ளும்போது ஒரு பக்கம் வேருக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள தசைநார் நசுங்குகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, அங்கே கொஞ்சம் திசு இறந்தும் போகிறது. அந்தப் பக்கத்து எலும்பு கரைந்து வழிவிட்டால்தான் பல் நகரும். எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுவதில் இந்தப் புரதத்துக்குப் பங்கு உண்டு. அது குறைவாகச் சுரக்கும் உடம்பில் எலும்பு மெதுவாகத்தான் கரைகிறது, அழுத்தம் நீண்ட நாள் வேரின் மேலேயே தங்குகிறது, கடைசியில் வேர் தேய்கிறது என்பதுதான் விளக்கம். 2003-இல் வெளிவந்த ஆய்வில், இந்த மரபணுவின் குறிப்பிட்ட ஒரு வடிவத்தைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு 2 மி.மீ.க்கு மேல் வேர் கரையும் வாய்ப்பு 5.6 மடங்கு அதிகமாக இருந்தது. ஆனால் பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இதை ஆமோதிக்கவில்லை. இறந்த திசுவை அகற்றும் அழற்சி வேலையில் பங்குள்ள பி2ஆர்எக்ஸ்7 என்ற மரபணுவும் சில ஆய்வுகளில் தென்பட்டது.

கேள்வி: அப்போ முன்னாடியே மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். இன்றைய நிலையில் அந்த ரிப்போர்ட்டை வைத்து எந்த டாக்டரும் உறுதியான முடிவு எடுக்க முடியாது. அதைவிட உங்கள் பழைய எக்ஸ்ரேயே நிறையச் சொல்லும்: நுனி கூராகவோ வளைந்தோ இருக்கும் வேர், முன்பு அடிபட்ட பல், ஏற்கெனவே குட்டையான வேர். சிகிச்சை எவ்வளவு காலம், விசை எவ்வளவு, வேர் நுனி எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதும் முக்கியம். இவையாவது டாக்டர் கையில் இருக்கின்றன, மரபணு யார் கையிலும் இல்லை.

கேள்வி: கம்பிக்குப் பதில் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனர் போட்டால் தப்பலாமா?

பதில்: அதிலும் கரையும். சராசரியாகக் கொஞ்சம் குறைவு என்கிறார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: எட்டு மாதம் ஆகிறது. எக்ஸ்ரேயில் மேல் முன்பற்கள் இரண்டிலும் சுமார் 2 மி.மீ. குறைந்திருக்கிறது. கம்பியைக் கழற்றிவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள். நுனியில் லேசான தேய்மானம் கம்பி போட்ட பெரும்பாலோருக்கும் உண்டு, 4 மி.மீ.க்கு மேலோ வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலோ போவதுதான் கடுமையான வகை, அது நூற்றில் சிலருக்கே. ஆனால் எட்டே மாதத்தில் 2 மி.மீ. என்பதை அலட்சியம் செய்யவும் கூடாது. இரண்டு மூன்று மாதம் விசை கொடுக்காமல் ஓய்வு விட்டுத் தொடர்வது வழக்கமான வழி, அதைப் பற்றி டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். திட்டத்தைச் சுருக்கி, பற்கள் முழுக்க நேராகாவிட்டாலும் போதும் என்று முடித்துக்கொள்வதும் சில சமயம் நல்ல முடிவுதான். அடுத்த எக்ஸ்ரேயை அந்தப் பற்களுக்கு மட்டும் எடுக்கும் சிறிய படமாக எடுக்கச் சொல்லுங்கள், முழுத் தாடைப் படத்தில் இழப்பின் அளவு துல்லியமாகத் தெரியாது.

கேள்வி: போன வேர் திரும்ப வளருமா? பல் விழுந்துவிடுமா?

பதில்: வேரின் பக்கவாட்டில் விழுந்த சிறு பள்ளங்களைப் புதிய சிமென்டம் (வேரின் மேல் இருக்கும் கடினமான படலம்) மூடிவிடும், நுனியில் குறைந்த நீளம் திரும்பாது. விசை நின்றதும் பெரும்பாலும் கரைவதும் நின்றுவிடுகிறது. குட்டை வேரோடு பல வருடம் நிலைத்திருக்கும் பற்கள் ஏராளம், ஈறு ஆரோக்கியமாக இருக்க வேண்டும். அதனால் ஈறில் ரத்தம் வந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.