முப்பது விளையாட்டு வேண்டாம், நாலே போதும்

கேள்வி: பினாங்கு ரெலாவில், அடுக்குமாடியின் பதினான்காவது மாடியில் குடியிருக்கிறோம். மகனுக்கு 5 வயது, மகளுக்கு இரண்டரை. கணவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் மதியம் வரை தூங்குவார். நான் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். பாலர் பள்ளி விடுமுறை விட்டாயிற்று. சாயங்காலமானால் மழை, கீழே கூட்டிப்போக முடியவில்லை. வீட்டுக்குள் குதித்தால் கீழ்வீட்டில் புகார். வீடியோ பார்த்து வண்ண மணல், பாசிமணி என்று ஆன்லைனில் வாங்கினேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து தயார் செய்ததை மகன் ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டுக் கைப்பேசி கேட்கிறான். தினம் ஒன்றாக முப்பது விளையாட்டுகள் சொல்வீர்களா?

பதில்: முப்பது சொல்ல மாட்டேன். சொன்னால் முப்பதையும் நீங்கள்தான் தயார் செய்வீர்கள், அவன் முப்பது தடவை ஐந்து நிமிடம் விளையாடுவான். வண்ண மணலில் யோசிக்க இருந்ததையெல்லாம் நீங்களே யோசித்து முடித்துவிட்டீர்கள். அவனுக்கு மிஞ்சியது கொட்டிக் கவிழ்ப்பது மட்டும்தான். தினமும் புதிதாக வேண்டும் என்பது பெரியவர்களின் கவலை. இந்த வயதுப் பிள்ளை ஒரே கதையை நேற்றும் கேட்கும், இன்றும் கேட்கும், நடுவில் ஒரு வரியை விட்டால் சண்டைக்கும் வரும். ஆகவே நாலு விளையாட்டு போதும். அவற்றையே விடுமுறை முழுக்க, கொஞ்சம் கொஞ்சம் மாற்றி விளையாடுங்கள்.

முதலில் காலை நேரம், அப்பா தூங்கும்போது. பாசாரில் ஒரு ரிங்கிட், இரண்டு ரிங்கிட்டுக்குத் தவ்கே (நீள முளைவிட்ட பச்சைப்பயறு) வாங்கி, தரையில் பாய் விரித்து, இருவரையும் வால் கிள்ளச் சொல்லுங்கள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து ஒரு மெல்லிய பொருளைப் பிடித்துக் கிள்ளும் இந்த வேலைதான் பென்சில் பிடிக்கப்போகும் கைக்கு நல்ல பயிற்சி. சத்தமும் வராது. நெத்திலியைப் பிளந்து தலையும் குடலும் எடுப்பது பெரியவனுக்குக் கொடுக்கக்கூடிய அடுத்த வேலை; முள்ளும் கண்ணும் பார்த்து ஆயிரம் கேள்வி கேட்பான். சின்னவள் பாதித் தவ்கேயை நசுக்கத்தான் செய்வாள். நசுங்கியதும் சட்டியில் வெந்துவிடும்.

கிள்ளத் தெரிந்த பிறகு தவ்கேயை வளர்க்கலாம். ஒரு கைப்பிடிப் பச்சைப்பயற்றை இரவு ஊறப்போட்டு, மறுநாள் வடித்து இரண்டாகப் பிரியுங்கள். அடியில் துளை போட்ட மைலோ டின் ஒன்றில் பாதி, அதன் மேல் கறுப்புத் துணி. மீதியை ஈரப் பஞ்சில் பரப்பி ஜன்னல் வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டுக்கும் தினம் இரண்டு மூன்று தடவை தண்ணீர் தெளிப்பது மகன் பொறுப்பு. நான்கைந்து நாளில் இருட்டில் இருந்தது வெளுத்து நெடுநெடுவென்று நீண்டிருக்கும், வெளிச்சத்தில் இருந்தது குட்டையாகப் பச்சை பிடித்திருக்கும். வெளிச்சத்தைத் தேடித்தான் முளை நீள்கிறது என்பதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள், ‘ஏன் இப்படி?’ என்று அவனிடம் கேட்டுவிட்டு, அவன் சொல்லும் அபத்தத்தை இரண்டு நாள் அப்படியே விட்டு வையுங்கள். விளைந்ததைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பச்சையாகக் கொடுக்காமல் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். உலர்ந்த பயறு மகள் கைக்கு எட்டக் கூடாது. மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ள அந்த அளவே போதும். மணி, நிலக்கடலை, கொண்டைக்கடலைக்கும் இதே விதிதான். நீங்கள் வாங்கிய மணிகளை இப்போதைக்கு அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுங்கள்.

இரண்டாவது, மழைச் சாயங்காலத்துக்குத் தைப்பூச ரதம். பினாங்குப் பிள்ளைகளுக்கு ரதம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மின்விசிறி வந்த பெட்டியோ பெரிய பம்பர்ஸ் பெட்டியோ எடுத்து, முன்பக்கம் பழைய துப்பட்டாவை இழுகயிறாகக் கட்டுங்கள். அடியில் ஒரு துண்டைப் போட்டால் தரையில் சத்தமில்லாமல் வழுக்கும். அலங்காரத்தைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். சாமி கரடி பொம்மையாக இருந்தாலும் தலையிடாதீர்கள். வரவேற்பறை ரதம் புறப்படும் கோவில் வீடு, படுக்கையறை அது போய்ச் சேரும் தண்ணீர்மலை. நடுவில் நாற்காலிக்கு நாற்காலி தண்ணீர்ப் பந்தல், அங்கே நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். ரதத்துக்கு முன் உடைக்கும் தேங்காய்க்குப் பழைய செய்தித்தாளைக் கசக்கி உருட்டச் சொல்லுங்கள். நாற்பது ஐம்பது உருண்டை செய்யட்டும், கைக்கு நல்ல வேலை. ரதம் வரும்போது அத்தனையும் துணிக்கூடைக்குள் ‘உடைய’ வேண்டும். ஓங்கி எறிந்தாலும் கீழ்வீட்டுக்குக் கேட்காது.

ரதத்துக்குள் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துவிட்டால் விளையாட்டின் குணமே மாறும். குதிக்கத் துடிக்கும் பிள்ளைக்கு உடம்பு தேடுவது உழைப்பைத்தான், அது பாரம் இழுப்பதிலும் கிடைக்கும். 1 முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. மூன்று மணி நேரமா என்று மலைக்காதீர்கள். நடப்பது, இழுப்பது, குனிந்து பொறுக்குவது எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. இன்னொரு எச்சரிக்கை: வெள்ளி ரதத்தோடு 2017 முதல் தங்க ரதமும் வருவதால், வீட்டிலும் ஆளுக்கொரு ரதம் கேட்பார்கள். இரண்டு பெட்டி சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு முடிந்ததும் பெட்டி, நாற்காலி எதையும் ஜன்னலுக்கோ பால்கனிக்கோ பக்கத்தில் விட்டு வைக்காதீர்கள். பதினான்காவது மாடியில் அது ஏணி. ஜன்னலுக்குக் கிரில் போட்டிருந்தாலும் இதே எச்சரிக்கைதான்.

(கீழ்வீட்டு ஆண்டிக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்து, ‘பிள்ளைகள் ஐந்திலிருந்து ஆறு வரை விளையாடுவார்கள்’ என்று சொல்லி வைப்பது எந்த விளையாட்டையும் விடப் பயன் தரலாம்.)

மூன்றாவது, எனக்கே மிகவும் பிடித்தது, சங்குப்பூத் தண்ணீர். மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்பார்கள். நோன்யாக்கள் (மலாய்ப் பழக்கம் கலந்த சீனப் பரம்பரைப் பெண்கள்) செய்யும் புலுட் தாய் தாய் என்ற பசையரிசிப் பலகாரத்துக்கு நீலம் வருவது இதில்தான். வேலியோரத்தில் படர்ந்து கிடக்கும், காய்ந்ததாகக் கடையிலும் கிடைக்கும். பத்துப் பதினைந்து பூவை நீங்கள் வெந்நீரில் போட்டு, ஆறிய பிறகு சின்னச் சின்னக் கிண்ணங்களில் பிரித்துக் கொடுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நீலம் ஊதாவாகும். இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். இன்னொன்றில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் பச்சை தட்டும். பூவில் உள்ள அந்தோசயனின் என்ற நிறப்பொருள் எலுமிச்சை போன்ற புளிப்புக்கு ஒரு நிறம், ஆப்ப சோடா போன்ற காரத்துக்கு ஒரு நிறம் காட்டுகிறது. ஊற்றுவதற்கு முன் ‘என்ன நிறம் வரும்?’ என்று இருவரிடமும் பந்தயம் கட்டுங்கள்.

இதை ஒரு வாரம் இழுக்கலாம். ஒருநாள் நீலத் தண்ணீரை ஐஸ்கட்டியாக உறைய வைத்து, எலுமிச்சைத் தண்ணீரில் போட்டுக் கரைவதைப் பாருங்கள். ஒருநாள் அதையே தொட்டுத் தாளில் வரையட்டும். மறுநாள் மஞ்சள்தூளைக் குழைத்துத் தாளில் பூசிக் காயவைத்து, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரைப் பஞ்சுக் குச்சியால் தொட்டுப் பெயர் எழுதச் சொல்லுங்கள். எழுத்து செம்பழுப்பாகத் தெரியும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வேதியியல்தான். சுண்ணாம்பை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. மஞ்சள் கறை துணியில் போகாது என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்? பழைய பனியனைப் போட்டுவிடுங்கள்.

நான்காவது, சப்பாத்தி மாவு. உப்பு அதிகம் போட்டுப் பிசைந்தால் பல நாளைக்குத் தாங்கும் என்பார்கள். இரண்டரை வயதுப் பிள்ளை அதை வாயில் போடும், அவ்வளவு உப்பு உடம்புக்கு ஆகாது. சாதா மாவையே கொடுத்து, அன்றே தூக்கிப் போடுங்கள்.

அண்ணன் கட்டுவான், தங்கை கலைப்பாள். இதைத் திருத்த முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். அவன் சாப்பாட்டு மேசை மேல், அவள் மேசைக்கு அடியில் என்று இடத்தைப் பிரித்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

இனி உங்கள் பங்கு. தொடக்கத்துப் பத்து நிமிடம் கைப்பேசியைத் தூர வைத்துவிட்டு முழுசாகக் கூட உட்காருங்கள். அப்போதும் ‘இது என்ன நிறம், எத்தனை இருக்கு?’ என்று பரீட்சை வைக்காதீர்கள். அவன் செய்வதைப் பார்த்து, ‘ஓ, வாலை மட்டும் தனியா அடுக்குறியா’ என்றால் போதும். பிறகு, ‘அம்மா இந்தப் பில்லை முடிச்சிட்டு வந்து பார்க்கிறேன்’ என்று சொல்லி, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வேலையைத் தொடங்குங்கள். சொன்னபடி வந்து பார்க்கவும் வேண்டும். ஒருநாள் வராவிட்டால் மறுநாள் உங்களை எழவே விடமாட்டான். பெரியவன் கால் மணி நேரம் தனியாக விளையாடினாலே வெற்றி. சின்னவளிடம் ஐந்து நிமிடத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வாடிக்கையாளருக்குப் போன் செய்வதை அவள் தூங்கும் நேரத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

கைப்பேசியை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன், நீங்களும் சமைக்க வேண்டுமே. 2 முதல் 4 வயதுக்குத் திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் நல்லது என்கிறது அதே வழிகாட்டி; மகனுக்கும் அந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம். கையில் கைப்பேசி கொடுப்பதற்குப் பதில் தொலைக்காட்சியில் போடுங்கள். இருவரும் ஒன்றாகப் பார்ப்பார்கள், சமையலறையிலிருந்து உங்களுக்கும் தெரியும். நேரம் பார்த்து நடுவில் அணைத்தால் அழுகைதான். ‘இந்த ஒரு பகுதி முடிந்ததும் அணைக்கிறோம்’ என்று முன்பே சொல்லிவிட்டு, அது முடிந்தவுடன் அடுத்தது தானாக ஓடாதபடி செட்டிங்கில் நிறுத்தி வையுங்கள்.