வாசகர் கேள்வி–பதில்: முன்னால் போகிறவரின் சக்கரத்தை விடாதீர்கள்

சாலை சைக்கிள் பந்தயம் பற்றி வந்திருந்த கேள்விகளுக்கு, சென்னையில் 9 வருடங்களாக அமெச்சூர் பிரிவில் ஓட்டிவரும் வாசகர் ஒருவர் இந்த வாரம் பதில் சொல்கிறார்.

ஞாயிறுதோறும் தனியாக 60 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் வருகிறது. ரேஸில் சேர்ந்தால் கூட்டத்தோடு ஒட்டி ஓட்ட முடியுமா? – வாசகர், கோவை

வேகத்தைப் பொறுத்தவரை தாராளமாக முடியும். தனியாக 30 போகிறவர் கூட்டத்துக்குள் இருந்தால் 38, 40-ல் கூடப் போய்விடலாம், காரணம் காற்று. சமதளத்தில் 30-ஐத் தாண்டிவிட்டால் நாம் மிதிக்கிற மிதியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. 30-லிருந்து 40-க்கு ஏற வேண்டுமென்றால் காற்றுக்கு மட்டும் கொடுக்கவேண்டிய சக்தி இரண்டு மடங்குக்கும் மேல். இன்னொருவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் நம் உழைப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பெரிய கூட்டத்தின் நடுவே இன்னும் அதிகம்: 2018-ல் நெதர்லாந்தில் பணியாற்றிய பெல்ஜியப் பேராசிரியர் பெர்ட் பிளாக்கனின் குழு 121 மாதிரி உருவங்களை அடுக்கிக் காற்றுச் சுரங்கத்தில் அளந்து பார்த்தது. நடு வரிசையிலும் பின் வரிசையிலும் இருப்பவருக்கு, தனியாகப் போகிறவர் வாங்கும் காற்றுத்தடையில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான் இருந்தது.

சரி, அப்படியென்றால் ஏன் எல்லாரும் முதல் ரேஸில் கழன்றுவிடுகிறோம்? என் முதல் ரேஸைச் சொல்கிறேன். 12 கிலோமீட்டர் சுற்று, 4 முறை, சுற்றுக்கு இரண்டு யூ-டர்ன், ஏறக்குறைய 40 பேர். முதல் சுற்று முடிந்தபோது மீட்டர் 37 காட்டியது, மூச்சு நிதானமாக இருந்தது, நானும் கடைசி வரிசையில் சொகுசாக உட்கார்ந்திருந்தேன். தவறே அங்கேதான். யூ-டர்னில் முதல் ஆள் 20-க்கு இறங்கித் திரும்பி உடனே மிதிக்கத் தொடங்கிவிடுவார், பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராகப் பிரேக் பிடிக்க, 35-வது ஆள் ஏறக்குறைய நின்றே திரும்புவார். அவர் திரும்பி முடிக்கும்போது முன்னால் இருப்பவர்கள் மறுபடி 40-ல். அவர்களைப் பிடிக்க அவர் 45-ல் போக வேண்டும், அதுவும் எழுந்து நின்று, முழு பலத்தோடு. இப்படி ஒரு ரேஸில் 8 முறை. நான் 5-வது திருப்பத்தில் விட்டேன். முன்னால் இருந்த சக்கரம் ஒரு சைக்கிள் நீளம் தள்ளிப் போனது, அப்புறம் மூன்று, அப்புறம் சட்டென்று நெஞ்சில் காற்று வந்து மோதியது. அதற்கு முந்தைய நொடி வரை கூட்டம் போகும் இரைச்சல்தான் காதில் இருந்தது. திடீரென்று என் செயின் சத்தம் மட்டும்.

ஆகவே முதல் 10, 15 பேருக்குள் இருங்கள், குறிப்பாகத் திருப்பத்துக்கு அரை கிலோமீட்டர் முன்பிருந்தே. அதற்கு ஆட்களின் நடுவில் பயமில்லாமல் ஓட்டத் தெரிய வேண்டும். கோவையில் குழுவாக ஓட்டுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ரேஸுக்குப் பணம் கட்டும் முன் அவர்களோடு இரண்டு மூன்று மாதம் ஓட்டுங்கள். நேர்கோட்டில் போவது, ஒரு கையால் தண்ணீர் குடித்துக்கொண்டே கோடு மாறாமல் இருப்பது, பள்ளத்தைக் கையால் காட்டுவது, பக்கத்து ஆளின் முழங்கை பட்டாலும் பதறாமல் இருப்பது. இதெல்லாம் தனியாக 10,000 கிலோமீட்டர் ஓட்டினாலும் வராது.

என் மகளுக்கு 16 வயது. ரேஸில் ஓட்ட வேண்டும் என்கிறாள். கூட்டமாக விழுவதை வீடியோவில் பார்த்துப் பயந்துபோயிருக்கிறேன். அனுப்பலாமா? – வாசகி, தஞ்சாவூர்

அம்மா, விழ மாட்டாள் என்று நான் சொன்னால் அது பொய். ரேஸ் ஓட்டுகிறவர்கள் என்றைக்காவது விழுவார்கள். நானும் விழுந்திருக்கிறேன். முன்னால் போனவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் என் முன்சக்கரம் ஒரு விரற்கடை நுழைந்திருந்தது, அவர் பள்ளத்தை விலக்கி லேசாக வளைந்தார், இரண்டு டயரும் உரசின. இப்படி உரசினால் முன்னால் போகிறவருக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது, விழுகிறவர் பின்னால் வருகிறவர்தான், ஏனென்றால் பிடுங்கப்படுவது அவருடைய ஹேண்டில். எனக்குக் காறை எலும்பில் விரிசல், தொடையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போய்விட்டது. எலும்பு வலியைவிட அந்தச் சிராய்ப்பிலிருந்து தார் மணலைக் கழுவியெடுத்தது கொடுமை. ஆனால் கழுவத்தான் வேண்டும். மேலே களிம்பைப் பூசி மூடிவிட்டால் உள்ளே சீழ் கோத்துவிடும்.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. அந்த விழுகை தவிர்க்கக்கூடியது என்பதால் சொல்கிறேன். சக்கரத்தை ஒருபோதும் பக்கவாட்டில் நுழைக்காதே, நேர் பின்னால் இரு, முன்னால் இருப்பவரின் டயரையே முறைத்துக்கொண்டிருக்காமல் அவர் தோளுக்கு மேலே தூரத்தைப் பார் – இந்த மூன்றும் அவளுக்குப் பழக்கமாகும் வரை ரேஸ் வேண்டாம். விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள். அதன் உள்ளே இருக்கும் நுரை ஒருமுறைதான் காப்பாற்றும். ரேஸுக்குச் சாலை மூடப்படுகிறதா, ஆம்புலன்ஸ் நிற்கிறதா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் பணம் கட்டாதீர்கள், இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

அப்புறம், சாலை மட்டும்தான் வழி என்றும் இல்லை. வெலோட்ரோம் எனப்படும் சரிவான ஓடுதளத்தில் நடக்கும் போட்டிகளும் உண்டு, அங்கே வண்டி வாகனம் குறுக்கே வராது. அந்தமான் நிக்கோபாரிலிருந்து வந்த டெபோரா ஹெரால்டு, 2004 சுனாமியில் உயிர் பிழைத்த சிறுமி, அந்தத் தளத்தில்தான் இந்தியாவின் பெயர் சொல்லும்படி வளர்ந்தார். உங்கள் மகளிடம் அவரைப் பற்றிச் சொல்லுங்கள். அனுப்புங்கள் என்பதுதான் என் பதில்.

என்னிடம் இருப்பது 14,000 ரூபாய் கியர் சைக்கிள். லட்சக்கணக்கில் செலவு செய்யாமல் ரேஸ் ஓட்ட முடியாதா? – கல்லூரி மாணவர், மதுரை

ஓட்டலாம் தம்பி. உள்ளூர்ப் போட்டிகள் பலவற்றில் ஹைபிரிட் (சாலை, மலை இரண்டுக்கும் நடுவிலான வகை), எம்டிபி (மலைச் சைக்கிள்) வண்டிகளுக்குத் தனிப் பிரிவே உண்டு, அதில் தொடங்கு. சைக்கிள் பந்தயத்தின் உலக அமைப்பான யூசிஐ, ரேஸ் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது, அந்த எடைக்கு அருகே போகிற வண்டியின் விலையைப் பார்த்து மனம் தளராதே. கணக்குப் போட்டுப் பார்: நீ 68 கிலோ, வண்டி 12 கிலோ, மொத்தம் 80. இரண்டு கிலோ குறைந்த வண்டி வாங்கினால் மிச்சம் 2.5 சதவீதம். ஒரு மணி நேரம் மலை ஏறினால் ஒன்றரை நிமிடம் முன்னால் வருவாய், சமதளத்தில் வித்தியாசமே தெரியாது. அந்தப் பணத்தில் நல்ல டயர் இரண்டு, உன் கால் அளவுக்குச் சரியாக வைத்த சீட் உயரம், வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விட்ட செயின். முதல் வருடத்துக்கு இது போதும். குனிந்து ஓட்டப் பழகு, அதற்குக் காசே கிடையாது.

ரேஸின்போது என்ன சாப்பிடுவீர்கள்? – வாசகி, திண்டுக்கல்

முதல் நாள் இரவு வயிறு நிறையச் சோறு, காலையில் மூன்று இட்லி, ஓட்டும்போது மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து கணக்கு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் கிடைக்கும். மீதிக்குக் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், பாட்டிலில் சர்க்கரையும் உப்பும் போட்ட எலுமிச்சைச் சாறு. பசிக்கிற வரை காத்திருக்காதீர்கள், பசித்த பிறகு சாப்பிடுவது அடுத்த ரேஸுக்குத்தான் உதவும்.

எங்கள் பக்கம் மலையே இல்லை. மலை இல்லாமல் எப்படிப் பயிற்சி செய்வது? – வாசகர், நாகப்பட்டினம்

உங்களுக்குக் கடல் காற்று இருக்கிறதே! சென்னையில் எங்களுக்கும் ஈசிஆர் எனப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலைதான். வடகிழக்குக் காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் மாமல்லபுரம் வரை பறந்து போய்விடுவோம், திரும்பும்போது முட்டுக்காடு பாலத்தில் 24 போவதற்குள் தொடை எரியும். அந்த எதிர்க்காற்றில் பெரிய கியரில் 10 நிமிடம், 5 நிமிடம் ஓய்வு, மறுபடி 10 நிமிடம் என்று மூன்று முறை ஓட்டிப் பாருங்கள், மலை ஏறுகிற உழைப்புக்குக் குறைந்ததில்லை. பக்கக்காற்றும் நல்ல வாத்தியார். காற்று இடதுபுறத்திலிருந்து அடித்தால் நேர் பின்னால் ஒதுங்கிப் பயனில்லை, வலப்பக்கம் சற்றுத் தள்ளிச் சாய்வரிசையாகப் போக வேண்டும். போக்குவரத்து இல்லாத அகலமான சாலையில் மட்டும் இதைப் பழகுங்கள்.

மலைப் பழக்கம் வேண்டுமென்றால் வருடத்துக்கு ஒருமுறை போய் வரலாம். 2008-லிருந்து நடக்கும் டூர் ஆஃப் நீலகிரிஸ் முழு ரேஸ் அல்ல, பல நாள் சுற்றுப்பயணம், நடுவில் குறிப்பிட்ட பகுதிகளுக்கு மட்டும் நேரம் எடுப்பார்கள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். அங்கே வேகம் 8, 9-க்கு இறங்கிவிடுவதால் யார் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாது.

ஜெயிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் 43 வயதில் எதற்கு ரேஸ்? உடற்பயிற்சிக்கு ஓட்டினால் போதாதா? – வாசகர், சேலம்

உடற்பயிற்சிக்குப் போதும். எனக்குப் போதவில்லை. 30 பேர் ஒரே நேரத்தில் மிதிப்பதை நிறுத்தும்போது 30 சக்கரங்களும் சேர்ந்து கிர்ரென்று பாடும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு முழ இடைவெளியில், பெயர் தெரியாத ஒருவரை முழுக்க நம்பி 42-ல் போவது வேறு எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. அவர் கோடு மாற மாட்டார் என்று நான் நம்புகிறேன், நான் மாற மாட்டேன் என்று எனக்குப் பின்னால் இருப்பவர் நம்புகிறார்.

போன தை மாதம் ஒரு ரேஸில் 20 கிலோமீட்டர் மீதி இருக்கும்போது கூட்டத்திலிருந்து கழன்றேன். எனக்கு முன்னால் இன்னும் இருவர் அதேபோலத் தனித்தனியாகத் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். முதல் ஆளைப் பிடித்ததும் அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையை லேசாக வெளியே அசைத்தார், நீங்கள் முன்னால் வாருங்கள் என்று அர்த்தம். நான் ஒரு நிமிடம் காற்றை வாங்கினேன், பின்பு அவர், அதற்குள் மூன்றாமவரையும் சேர்த்துக்கொண்டோம். எதிர்க்காற்றில் ஆளுக்கு ஒரு நிமிடம், ஒருவரும் ஏமாற்றவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி 200 மீட்டரில் மட்டும் மூவரும் எழுந்து நின்று உயிரைக் கொடுத்து மிதித்தோம், 31, 32, 33-வது இடத்துக்காக. எனக்கு 32. வண்டியை மரத்தில் சாய்த்துவிட்டு, ஜெர்சியில் உப்புப் பூத்திருக்க, அப்போதுதான் பெயர் கேட்டுக்கொண்டோம். அதில் ஒருவர் இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை 4.45-க்குத் திருவான்மியூரில் எனக்காக நிற்கிறார்.