வாசகர் கேள்வி-பதில்: தலைக்கு எந்த ஸ்கேன்?

இந்த வாரம் வந்த கடிதங்கள்ல முக்காவாசி தலை ஸ்கேன் பத்தித்தான், அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன். ஸ்கேன் ரூம்ல டெக்னீஷியனா இருபது வருஷம் நின்ன அனுபவத்துல எனக்குத் தெரிஞ்சத சொல்றேன், உங்க வீட்டு ஆளுக்கு எது வேணும்ங்கறத அவரப் பாக்குற டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

கேள்வி: எங்க அப்பாவுக்கு திடீர்னு வாய் கோணி வலது கை விழுந்துடுச்சு. ஆஸ்பத்திரில சிடி எடுத்து நார்மல்னு சொல்லிட்டு, ஸ்ட்ரோக்குக்கு ஊசியும் போட்டாங்க. மறுநாள் எம்ஆர்ஐல அடைப்பு இருக்குன்னு வந்துச்சு. முதல்லயே எம்ஆர்ஐ எடுத்திருக்கலாமே? சிடி காசு வீண்தானே? (வாசகி, விருதுநகர்)

அம்மா, அந்த டாக்டர் செஞ்சது நூத்துக்கு நூறு சரி, மனசுல எதையும் வச்சுக்காதீங்க. ஸ்ட்ரோக்ல ரெண்டு வகை, ரத்தக்குழாய் அடைச்சுக்கறது ஒண்ணு, வெடிச்சு ரத்தம் கசியறது இன்னொண்ணு, வெளிய இருந்து பாத்தா ரெண்டுலயும் அதே வாய் கோணல் அதே கை விழுகறதுதான், ஆனா வைத்தியம் நேர் எதிர். உறைஞ்ச ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிய ரத்தம் கசியற ஆளுக்குப் போட்டா உயிருக்கே ஆபத்து. அதனால அந்த நேரத்துல டாக்டருக்கு முதல்ல தெரிய வேண்டியது உள்ள ரத்தம் இருக்கா இல்லையாங்கறதுதான். அதுக்கு சிடிய அடிச்சுக்க ஆளில்ல. படுக்க வச்சு சில வினாடில படம் வந்துடும், புது ரத்தம் பளிச்சுனு வெள்ளையா நிக்கும்.

சிடிங்கறது எக்ஸ்ரேதாம்மா. குழாய் தலைய சுத்தி வரும், ஒவ்வொரு கோணத்துலயும் எவ்வளவு எக்ஸ்ரேய தலை உறிஞ்சுச்சுனு அளந்து கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு குறுக்குவெட்டுப் படமா குடுக்கும். எலும்பு வெள்ளை, தண்ணி கறுப்பு, எல்லாம் அடர்த்தி கணக்கு. அடைப்பு வந்த இடத்துல முதல் சில மணி நேரம் அடர்த்தி பெருசா மாறாது, நீர் கோத்து வீங்கின பிறகுதான் அந்த இடம் கறுத்துக் காட்டும். உங்க அப்பா சிடில நார்மல்னு சொன்னதுக்கு அர்த்தம் ரத்தக்கசிவு இல்ல, தைரியமா ஊசி போடலாம்ங்கறது. அந்த ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, பெரிய குழாய் அடைச்சா நிமிஷத்துக்கு சுமார் 19 லட்சம் நியூரான், அதாவது மூளை நரம்பு செல், சாகுதுன்னு கணக்குப் போட்டிருக்காங்க, அந்த நேரத்துல எம்ஆர்ஐ க்யூல நிக்க முடியாது.

எம்ஆர்ஐ வேற வழி. நம்ம உடம்பு பூரா தண்ணி, தண்ணில ஹைட்ரஜன், அந்த ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொண்ணும் குட்டி காந்தம் மாதிரி. பெரிய காந்தத்துக்குள்ள ஆள படுக்க வச்சு, ரேடியோ அலைய அனுப்பி அதுகள தட்டி விட்டா, பழைய நிலைக்குத் திரும்பும்போது அதுக பதிலுக்கு ஒரு சிக்னல் குடுக்கும், அதுதான் படமாகுது. இதுல டிஃப்யூஷன்னு ஒரு வகை இருக்கு, தண்ணி எங்க தாராளமா அசையுது எங்க முடங்கிக் கிடக்குதுன்னு காட்டும், அடைப்பு வந்த சில நிமிஷத்துலயே முடங்கின இடம் விளக்குப் போட்ட மாதிரி தெரியும். மறுநாள் உங்களுக்குக் காட்டினது அதத்தான். ஆனா முழு எம்ஆர்ஐக்கு இருபது முப்பது நிமிஷம் ஆடாம படுக்கணும், ஸ்ட்ரோக் வந்து திணறிக்கிட்டிருக்கறவர அப்படிப் படுக்க வைக்கறது எவ்வளவு கஷ்டம்னு நான் கண்ணால பாத்திருக்கேன்.

சிடி வர்றதுக்கு முன்னாடி முதுகுத்தண்டுல ஊசி குத்தி நீர எடுத்துட்டு, காத்த ஏத்தி எக்ஸ்ரே எடுப்பாங்க, தலைவலில நோயாளி துடிச்சுப் போயிடுவாங்க. 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டன் விம்பிள்டன்ல ஒரு ஆஸ்பத்திரில மூளைக்கட்டி சந்தேகம் இருந்த ஒரு அம்மாவுக்குத்தான் முதல் சிடி எடுத்தாங்க. கண்டுபிடிச்ச காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் டாக்டர் கிடையாது, இசைத்தட்டு போட்ட இஎம்ஐ கம்பெனியோட இன்ஜினியர், 1979ல நோபல் வாங்கினாரு. ஸ்கேன்ல படுக்குற ஒவ்வொருத்தரும் அந்த மனுஷனுக்குக் கடன்பட்டிருக்கோம்.

கேள்வி: எம்ஆர்ஐக்குப் போனா தாலியக் கழட்டச் சொல்றாங்க. தங்கம் காந்தத்துல ஒட்டாதே? (வாசகி, கும்பகோணம்)

தங்கம் ஒட்டாதும்மா, நிஜம். ஆனா தாலிச் செயின்ல கொத்தா தொங்குதே ஊக்கு, அது இரும்பு! 1.5 டெஸ்லா (டெஸ்லாங்கறது காந்த பலத்தோட அளவு) மெஷினோட காந்தம் பூமியோட காந்தத்த விட முப்பதாயிரம் மடங்கு, ஊக்கு பறந்து போய் மெஷின்ல ஒட்டும், வழில கண்ணு இருந்தா கண்ணுல குத்தும். தங்கத்துலயும் வேற உலோகம் கலந்திருக்கும், செயின் சூடாகலாம், படமும் கெட்டுப்போகும். மஞ்சக்கயிறு ஒண்ண கட்டிக்கிட்டு வந்துடுங்க, மெட்டி, ஹேர்பின், ஜாக்கெட் கொக்கி எல்லாத்தையும் பாத்துக்கங்க. ஸ்கேன் ஓடலன்னாலும் அந்தக் காந்தம் எப்பவும் வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும். பேஸ்மேக்கரோ மூளைல கிளிப்போ வச்சிருந்தா கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லுங்க.

கேள்வி: என் பையனுக்கு ரெண்டு தடவ வலிப்பு வந்துச்சு. ஈஈஜி நார்மல், எம்ஆர்ஐ நார்மல். அப்புறம் எதுக்கு மாத்திரை? (வாசகர், ஈரோடு)

ஐயா, மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க, மொதல்ல அது. எம்ஆர்ஐ மூளையோட உருவத்தத்தான் காட்டும், உருவம் நல்லா இருந்தாலும் மின்சாரம் தாறுமாறா ஓடலாம், வலிப்பு அந்த மின்சார சமாசாரம். அத அளக்கறதுதான் ஈஈஜி. ஜெர்மனில ஹான்ஸ் பெர்கர்ங்கற டாக்டர் 1924ல முதல் முதலா மனுஷ மூளைல எடுத்தாரு. தலைல இருபதுக்குப் பக்கமா எலக்ட்ரோடு ஒட்டி, ஒரு வோல்ட்ட பத்து லட்சமா பிரிச்சா வருமே அந்த அளவு மின்சாரத்தப் பிடிக்கறது, அதான் எண்ணெய் வைக்காம தலைக்குக் குளிச்சுட்டு வாங்கன்னு சொல்றது. கண்ண மூடுங்கன்னு சொன்ன உடனே பின்மண்டைல வினாடிக்கு எட்டுலேர்ந்து பதிமூணு தடவ ஏறி இறங்குற அலை ஒண்ணு ஸ்கிரீன்ல வரும், கண்ணத் திறந்தா மறைஞ்சிடும், எத்தன தடவ பாத்தாலும் எனக்கு அலுத்ததே இல்ல.

ஈஈஜியோட பலம் வேகம், வினாடில ஆயிரத்துல ஒரு பங்குல நடக்கறதையும் பிடிச்சிடும், கதிர்வீச்சு கிடையாது, செலவும் குறைச்சல். பலவீனம் என்னன்னா மண்டை ஓடு அந்த சிக்னல மழுங்கடிச்சிடும், எங்கருந்து வருதுன்னு துல்லியமா சொல்ல முடியாது, ஆழத்துல நடக்கறது மேல வராமலே போயிடும். அதவிட முக்கியம், அந்த அரை மணி நேரத்துல கோளாறு தல காட்டினாத்தான் பதிவாகும். அதனாலதான் சிலருக்கு ராத்திரி தூங்க விடாம கூட்டிட்டு வரச் சொல்றாங்க, இல்ல வீடியோ ஈஈஜின்னு நாள் கணக்குல வச்சுப் பாக்கறாங்க. எம்இஜின்னு ஒண்ணு மூளையோட காந்தப்புலத்த அளக்கும், மண்டை ஓடு அத அவ்வளவா கெடுக்காது, ஆனா தனி கவச ரூமும் திரவ ஹீலியமும் வேணும், ரொம்பக் கொஞ்ச இடத்துலதான் இருக்கு, பக்கத்துல பெங்களூரு நிம்ஹான்ஸ்ல இருக்கு.

கேள்வி: எஃப்எம்ஆர்ஐ வச்சு மனசுல நினைக்கறத படிச்சிடலாம்னு வீடியோ போடறாங்களே, உண்மையா? (கல்லூரி மாணவர், திருச்சி)

தம்பி, எஃப்எம்ஆர்ஐ நினைப்ப அளக்கல, ரத்தத்துல இருக்கற ஆக்ஸிஜன் மாற்றத்த அளக்குது. கல்யாண வீட்டுல சமையல்கட்டுக்குள்ள போகாம வாசல்ல இறங்குற காய்கறி மூட்டைய வச்சு உள்ள என்ன பண்றாங்கன்னு கணக்குப் போடற மாதிரி. மூட்டையும் லேட்டாத்தான் வரும், நியூரான் வேலை செஞ்சு அஞ்சாறு வினாடி கழிச்சுத்தான் அந்த சிக்னல் உச்சத்துக்குப் போகும். இடத்த சில மில்லிமீட்டருக்குள்ள சொல்லும், அதனால கட்டி ஆபரேஷனுக்கு முன்னாடி பேச்சு எந்தப் பக்கம், கை அசைவு எந்தப் பக்கம்னு பாக்க ரொம்ப உபயோகம். ஆனா கணக்க சரியா போடலன்னா இல்லாதத காட்டும். அமெரிக்காவுல கிரெய்க் பென்னட்னு ஒரு ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் செத்துப்போன சால்மன் மீன ஸ்கேனர்ல வச்சு, மனுஷங்க போட்டோவக் காட்டி ஸ்கேன் எடுத்தாங்க, மீனோட மூளை வேலை செய்யற மாதிரி புள்ளி வந்துச்சு! ஆயிரக்கணக்கான புள்ளிய ஒரே நேரத்துல சோதிக்கும்போது செய்ய வேண்டிய திருத்தத்த செய்யலன்னா இப்படித்தான் வரும்னு நிரூபிக்கத்தான் அதச் செஞ்சாங்க. சம்மதம் இல்லாம மூளை அலை சோதனை, நார்கோ (மருந்து குடுத்து அரை மயக்கத்துல விசாரிக்கறது) எல்லாம் பண்ணக் கூடாதுன்னு நம்ம உச்ச நீதிமன்றம் செல்வி வழக்குல 2010லயே சொல்லிடுச்சு, அதையும் தெரிஞ்சு வச்சுக்கோ.

கேள்வி: அம்மாவுக்கு மறதி அதிகம். பெட் ஸ்கேனுக்கு கரெக்டா காலைல எட்டு மணிக்கு வரணும்னு கண்டிச்சு சொல்றாங்க, ஏன்? (வாசகி, திண்டுக்கல்)

பெட் ஸ்கேன்ல கதிர்வீச்சு சேத்த சர்க்கரைய ஊசில ஏத்துவாங்க, மூளைல எந்தப் பகுதி சர்க்கரைய நல்லா எடுத்துக்குது எது சோர்ந்து கிடக்குதுன்னு தெரியும், மறதி எந்த வகைன்னு பிரிச்சுப் பாக்க உதவும். படம் எம்ஆர்ஐ மாதிரி கூர்மையா இருக்காது, செலவும் கூட. அந்த மருந்து 110 நிமிஷத்துக்கு ஒரு தடவ பாதியாயிடும், உங்க அம்மாவுக்குன்னு அளந்து வரவழைச்சது மதியத்துக்குள்ள கால்வாசி கூட மிஞ்சாது. சர்க்கரை வியாதி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, வெறும் வயித்துல கூட்டிட்டுப் போங்க, பஸ் லேட்டாகும்னு தெரிஞ்சா வழிலயே ஒரு போன் பண்ணிடுங்க.