எனக்கும் ஆட்டிசம் இருக்குமோ?

வணக்கம் அக்கா,

எனக்கு 36 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். இப்போது நான் செம்பனை ஆலையில் பழ லோரிகளை எடை போட்டுப் பதியும் கிராணி. கணவர், ஒரு மகள், அம்மா, மாமியார் எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

என் அண்ணன் மகனுக்கு ஆட்டிசம் என்று ஈப்போவில் சொன்னார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன். சத்தம் கேட்டால் காதைப் பொத்துவானா, சட்டைக் கழுத்து உறுத்துகிறது என்று அழுவானா, ஒரே சாப்பாட்டையே கேட்பானா என்று டாக்டர் அண்ணியிடம் கேட்கக் கேட்க, எனக்குள் ‘ஆமாம், ஆமாம்’ என்றே ஓடியது.

திருவிழாவில் உறுமி தொடங்கினால் எங்கள் லயத்து வீட்டுக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வேன். ஏதோ பிடித்துவிட்டது என்று விபூதி போட்டார்கள். மற்ற பிள்ளைகள் விளையாடும்போது நான் ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் நிற்பேன். யார் வீட்டுக்கு அன்று எத்தனை கிலோ என்பது எனக்கு மனப்பாடம்.

இன்றும் ஒரு விசேஷத்துக்குப் போவதென்றால் யார் என்ன கேட்பார்கள், நான் என்ன சொல்வது என்று முதல் நாளே சொல்லிப் பார்த்துக்கொள்வேன். மற்றவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். மறுநாள் வாய் திறந்து பேசவும் தெம்பிருக்காது. மாமியார் அதைத் திமிர் என்கிறார். கணவர் நல்லவர்தான். ஆனாலும் “இவ்வளவு நாள் இல்லாதது இப்போ எங்கிருந்து வந்துச்சு?” என்கிறார். கைப்பேசியில் 50 கேள்விச் சோதனை ஒன்று செய்தேன், 38 வந்தது. டாக்டரிடம் போனால், மனநல ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தைச் சொல்லி ‘தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்’ என்று ஊர் பேசுமே என்று பயம். இது என் கற்பனையா? இந்த வயதில் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

*

அன்புச் சகோதரி,

ஒரு கடிதத்தை வைத்து இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது கற்பனை அல்ல. முறையாகப் பரிசோதித்துப் பார்க்க வேண்டிய விஷயம் அது.

உங்கள் கணவரின் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். ஆட்டிசம் நடுவில் வருவதில்லை. பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. 1943-இல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியதிலிருந்து வெகுகாலம் அது சிறுவர் விஷயமாக, அதிலும் ஆண்பிள்ளைகளின் விஷயமாகவே பார்க்கப்பட்டது. ஒழுங்காகப் படிக்கும், வம்புக்குப் போகாத பெண்பிள்ளையை யாரும் கவனிக்கவில்லை. ‘அமைதியான பிள்ளை’ என்று பாராட்டி விட்டுவிட்டார்கள்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட வரையறையில் உங்களைத் தொடும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, அறிகுறிகள் சிறுவயதிலேயே இருந்திருக்க வேண்டும். ஆனால் வளர வளரக் கற்றுக்கொண்ட உத்திகளால் அவை மறைந்து போகலாம் என்கிறது அது. விசேஷத்துக்கு முதல் நாள் நீங்கள் செய்யும் ஒத்திகை அப்படி ஓர் உத்தியாக இருக்கலாம். மறுநாள் பேச முடியாமல் படுத்திருப்பது அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை. அதைத் திமிர் என்று கேட்டுக்கேட்டு நீங்களே நம்பத் தொடங்கியிருந்தால், தயவுசெய்து நிறுத்துங்கள். இரண்டாவது, ஒலி, தொடுதல் போன்றவற்றைத் தாங்க முடியாமையும் அந்த வரையறையில்தான் அறிகுறியாகச் சேர்ந்தது. ஆகவே உறுமிக்கு ஓடிய கதையைச் சின்ன விஷயம் என்று டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

நீங்கள் செய்த சோதனை, 2001-இல் கேம்பிரிட்ஜில் உருவான 50 கேள்விகள் என்று நினைக்கிறேன். அதில் 32 அல்லது அதற்கு மேல் வந்தால் நேரில் பரிசோதிப்பது நல்லது என்று பொருள், அவ்வளவுதான். கூட்டத்தைக் கண்டு பதறும் மனப்பதற்றமும் மனிதரை ஒத்திகை பார்க்க வைக்கும். கவனச்சிதறல் கோளாறோ பழைய மனக்காயமோ இதேபோலத் தோன்றலாம், ஆட்டிசத்தோடு சேர்ந்தும் இருக்கலாம். பிரியமானவர்களோடு இருந்தாலும் களைப்பு வருகிறதா? வீட்டில் தனியாக இருக்கும்போதும் மிக்ஸி சத்தம் உயிரை வாங்குகிறதா? எழுதி வையுங்கள்.

அதைவிட முக்கியம் அம்மா. உங்கள் சிறுவயதுக்குச் சாட்சி அவர்தான். “நான் வித்தியாசமா இருந்தேனாம்மா?” என்று கேட்டால், எந்தத் தாயும் இல்லை என்றுதான் சொல்வார். எப்போது பேச ஆரம்பித்தேன், யாரோடு விளையாடினேன், எதைச் சாப்பிட மறுத்தேன், எதற்கு அழுதேன் என்று கதையாகக் கேளுங்கள். பழைய பள்ளி அறிக்கைப் புத்தகம் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

பிறகு அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். பெரியவர்களைப் பரிசோதிப்பார்களா என்று முதலிலேயே விசாரியுங்கள். காத்திருக்க நேரிடலாம்; தனியாரிடம் செலவு கூடும். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை 1911-இல் தொடங்கியது. அன்றிலிருந்து நம் சனம் அந்தப் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தியே எத்தனையோ பேரின் சிகிச்சையைத் தள்ளிப்போட வைத்திருக்கிறது. எனக்கு அதில் ஆறாத வருத்தம் உண்டு. நீங்கள் போகப்போவது உட்கார்ந்து பேசிவிட்டு வீடு திரும்பும் வெளிநோயாளர் சந்திப்பு.

தெரிந்து என்ன ஆகும்? ஆட்டிசத்தைப் போக்க மருந்து இல்லை. கூடவே பதற்றமோ தூக்கமின்மையோ இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. சமூகநல இலாகாவின் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிவதும் பதியாததும் உங்கள் விருப்பம். முதலாளியிடம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

சில மாற்றங்களுக்கு டாக்டரின் முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. திருவிழாவுக்குக் காதடைப்பான் கொண்டு போங்கள். விசேஷத்தில் ஒரு மணி நேரம்தான் இருப்பேன் என்று கணவரிடம் முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள். மறுநாள் ஓய்வு வேண்டும் என்பதை மாமியாருக்கு அவரே எடுத்துச் சொல்லட்டும்.

கிளினிக்குக்கும் கணவரை அழைத்துப் போங்கள். விசேஷம் முடிந்த மறுநாள் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர் அவர். டாக்டர் அதை அவர் வாயாலும் கேட்க வேண்டும்.